கோழிக்கூட்டுக் கதவும் 12 வோல்ட் மோட்டாரும்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் கோழிக்கூட்டுக் கதவை ஏற்றி இறக்க 12 வோல்ட் கியர் மோட்டார், மோட்டாரின் திசையையும் வேகத்தையும் மாற்றும் எல்298என் டிரைவர் போர்டு, அதற்கு உத்தரவிடும் அர்டுயினோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு வைத்திருந்தேன். கதவு நன்றாக ஏறும். பாதியில் இறக்கச் சொன்னால் அர்டுயினோ ரீசெட் ஆகிவிடும். இரண்டு நாள் புரோகிராமையே நோண்டினேன். கடைசியில் சப்ளையின் வோல்டேஜைப் பார்க்கப் பழைய மல்டிமீட்டரை வைத்தேன். திசை மாறும் நொடியில் முள் சடக்கென்று விழுந்தது. ஓடுகிற மோட்டாரைச் சட்டென்று திருப்பினால் அது ஏகத்துக்கும் கரண்ட் இழுக்கிறது, சப்ளை தாங்கவில்லை.

இப்போது வேகத்தைப் பூஜ்யமாக்கி அரை நொடி நிறுத்துகிறேன். அப்புறம் டிரைவரில் திசையைச் சொல்லும் ஐஎன்1, ஐஎன்2 பின்களின் சிக்னல்களை மாற்றிப்போட்டு, வேகத்தைத் தீர்மானிக்கும் பிடபிள்யூஎம் மதிப்பை 80-இலிருந்து 200 வரை படிப்படியாக ஏற்றுகிறேன். 80-க்குக் கீழே என் மோட்டார் முனகுகிறது, சுற்றுவதில்லை. அர்டுயினோவுக்குத் தனி சப்ளையும் கொடுத்தேன். இரண்டு சப்ளையின் கிரவுண்டையும் (மைனஸ் கம்பி) கட்டாயம் சேர்க்க வேண்டும். நேற்று சாயங்காலம் கதவு சத்தமில்லாமல் இறங்கியது.