தொற்று இறங்கியும் கை கால் அசையாத நோயாளி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் டாக்டர்கள், பத்து வருஷம் முன்னால் நான் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

முகத்தைப் பார்க்காமல் ‘மூளை போய்விட்டது’ என்பது

தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர். சர்க்கரை, காலில் புரையோடிய புண், அதிலிருந்து செப்சிஸ் (உடம்பையே நிலைகுலைய வைக்கும் கடும் தொற்று), வென்டிலேட்டர். 12ஆம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது, தூக்க மருந்தும் நிறுத்தியாகிவிட்டது. நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்தினேன். கையும் அசையவில்லை, காலும் அசையவில்லை. வெளியே வந்து மகனிடம், “மூளை பாதிச்சிருக்கு, தேறுவது கஷ்டம்” என்றேன். அவர் ஊருக்குப் போன் போட்டு, பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்து கூட்டி வைக்கச் சொன்னார்.

மறுநாள் சிஸ்டர்தான் கவனித்தார். நகத்தை அழுத்தும்போது ஆச்சியின் புருவம் சுருங்கியது, கண்ணோரம் ஈரம். “ஆச்சி, கண்ணை இறுக்கி மூடுங்க” என்றேன். மூடினார். முதல் நாளே நான் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இன்றும் அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

பழுதானது மூளை இல்லை, கை கால் நரம்புகள். கடும் தொற்றில் நரம்பிழைகளே சேதமாகிவிடும். கனடாவில் சார்லஸ் போல்ட்டன் குழுவினர் 1984இல் இதை விவரித்தார்கள்; ‘கிரிட்டிகல் இல்னஸ் பாலிநியூரோபதி’ என்பது இதன் பெயர். முகத் தசைகள் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால் வலிக்கு முகம் சுளித்து, கை கால் மட்டும் துவண்டு கிடந்தால் நரம்பை நினையுங்கள். கழுத்துத் தண்டுவடத்தில் சீழ் கட்டினாலும் இப்படித்தான் இருக்கும்; சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடாதீர்கள்.

உடனே ஜி.பி.எஸ். (கியான்-பாரே: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோய்) என்று முடிவு கட்டுவது

நகையை அடகு வைத்து, அதற்கான இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்தை வாங்க வைக்குமுன் நிதானியுங்கள். ஜி.பி.எஸ்.ஸில் பலவீனம்தான் பொதுவாக ஆஸ்பத்திரிக்கே கொண்டுவரும்; ஆச்சிக்கு வந்த நரம்புச் சேதத்தில் அது ஐ.சி.யு.வில் படுத்த பிறகு வரும். ஜி.பி.எஸ்.ஸில் தண்டுவட நீரில் புரதம் கூடும், பெரும்பாலும் நரம்புக் கடத்தல் வேகம் குறையும். இதில் வேகம் ஏறக்குறைய சரியாக இருந்து, நரம்புச் சோதனையில் பதிவாகும் அலையின் உயரம் மட்டும் விழும்.

பொட்டாசியம், பாஸ்பேட்

ரத்தத்தில் இவற்றின் அளவைப் பாருங்கள்; குறைந்தாலும் தசை துவண்டுவிடும்.

தசைத் தளர்வு மருந்தை மறப்பது

கிட்னி பழுதானவருக்கு வெக்குரோனியம் என்ற தளர்வு மருந்தின் வேலை நாள்கணக்கில் நீளலாம்.

நுரையீரலை மட்டும் குறை சொல்வது

எக்ஸ்ரே தெளிவாக இருந்தும் வென்டிலேட்டரை எடுக்க முடியவில்லையா? தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள்; முடியாவிட்டால் மூச்சுத் தசைகளும் பலவீனமாக இருக்கலாம். ஆச்சிக்கு அது வர மூன்று வாரம் ஆனது.