பழைய போன் வாங்கும் முன் பூட்லோடரைச் சோதிப்பது எப்படி?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய ஆண்ட்ராய்டு போன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் திரையையும் பேட்டரியையும்தான் பார்க்கிறார்கள். நிறுவனம் அப்டேட் தருவதை நிறுத்திய பிறகு லீனியேஜ்ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ள நினைப்பவர், பணம் கொடுப்பதற்கு முன்பே பூட்லோடரைத் திறக்க முடியுமா என்று பார்த்துவிட வேண்டும். போனை ஆன் செய்தவுடன் ஓடும் அந்த நிரல், பூட்டிய நிலையில், நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத இயங்குதளத்தை ஏற்காது.

ஆண்ட்ராய்டின் அடியில் இருக்கும் மைய நிரலான லினக்ஸ் கெர்னல், ஜிபிஎல் என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் 2ஆம் பதிப்பில் வருவதால், போனை விற்கும் நிறுவனம் கெர்னலின் மூல நிரலைத் தந்தாக வேண்டும். ஆனால் திருத்திய நிரலை அதே கருவியில் ஓட்டுவதற்கான சாவியையும் தர வேண்டும் என்று அதில் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. மூல நிரலைத் தந்தும் திருத்திய நிரலை ஓடவிடாத டிவோ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பதிவுக் கருவியில் இந்த இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. அதை அடைக்கவே 2007இல் வந்த 3ஆம் பதிப்பு, நுகர்வோர் கருவிகளுக்கு நிறுவும் வழியையும் தரச் சொன்னது. கெர்னல் 2ஆம் பதிப்பிலேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளில் எது ஓட வேண்டும் என்பதை வாங்கியவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இன்றைய நிலையில் அதற்குக் கடையிலேயே சோதிப்பதுதான் வழி.

முதலில் ‘அபவுட் போன்’ பகுதியில் மாடல் எண்ணைப் பார்த்து, அது லீனியேஜ்ஓஎஸ் பட்டியலில் உள்ளதா என்று சரிபாருங்கள். ஒரே பெயரில் விற்கும் போன்களிலும் மாடல் எண் மாறலாம். பிறகு ‘பில்டு நம்பரை’ 7 முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதில் பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ சுவிட்ச் மங்கலாக இருந்தால், உங்கள் ஹாட்ஸ்பாட்டில் போனை இணைத்துச் சற்றுப் பொறுங்கள், ஏனெனில் சில போன்களில் இணையம் கிடைத்த பிறகே அது நகரும். அப்போதும் நகராவிட்டால் அந்தப் போனை விட்டுவிடுங்கள். “அன்லாக் ஆன பீஸ்தான் சார்” என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் சிம் பூட்டைப் பற்றியது, அதாவது ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும் தடையைப் பற்றியது. பூட்லோடர் பூட்டு வேறு. நகர்ந்துவிட்டால் மட்டும் போதாது: சில நிறுவனங்கள் கணக்குப் பதிவும் காத்திருப்பும் கேட்கின்றன, சில திறக்கவே விடுவதில்லை. அந்த நிறுவனத்தின் விதியை அங்கேயே தேடிப் படித்துவிடுங்கள்.

பூட்லோடரைத் திறக்கும்போது போனிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதால் முதலில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு சில வங்கிச் செயலிகள் ஓட மறுக்கலாம். மாற்று இயங்குதளம் இருக்கும்போது மீண்டும் பூட்டினால், போன் எழும்பாமலே போகக்கூடும்.

பூட்டைத் திறக்க முடியாத போனுக்கும் மூல நிரலைக் கேட்கலாம். மாடல் எண்ணையும் பில்டு எண்ணையும் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். எழுத்துப்பூர்வ உறுதிமொழி மூலம் நிரலை வழங்கும் நிறுவனம், அதைக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குக் காப்பாற்ற வேண்டும் என்கிறது ஜிபிஎல் 2ஆம் பதிப்பு.