போட்டோவைப் பார்த்தே கோப்ரா ஹெலிகாப்டர் எந்த ரகம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

ராணுவ ஹெலிகாப்டர் படங்களில் அதிகம் குழப்புவது கோப்ராதான். 1960-களில் வந்ததும் கோப்ரா, இன்று கடற்படைக் கப்பலில் நிற்பதும் கோப்ரா. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் ரகத்தைச் சொல்வது சுலபம், ஏனென்றால் இதில் செய்த மாற்றம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு போர்க்களத் தேவைக்காகச் செய்தது.

முதலில் காலைப் பாருங்கள். சக்கரம் இருந்தால் அது அபாச்சியாகவோ வேறு எதுவாகவோ இருக்கலாம், கோப்ரா இல்லை. கோப்ராவுக்கு இரண்டு நீளமான குழாய்கள்தான் கால். அப்புறம் உடலின் அகலம்: சுமார் 3 அடிதான், முன்னால் சுடுபவர், அவருக்குப் பின்னால் கொஞ்சம் உயரத்தில் பைலட். வியட்நாமில் வீரர்களை ஏற்றி இறக்கிய ஹியூயி ஹெலிகாப்டர்களுக்குத் துணையாக வேகமாகப் பறந்து சுடும் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. அதற்காக அமெரிக்க ராணுவம் தொடங்கிய, பின்னால் ஷயான் என்ற ஹெலிகாப்டராக வந்த புதுத் திட்டம் இழுத்துக்கொண்டே போக, பெல் நிறுவனம் ஹியூயியின் எஞ்சினையும் ரோட்டரையும் அப்படியே எடுத்து ஒரு ஒல்லியான உடலில் பொருத்தி 1965 செப்டம்பர் 7-ல் பறக்க விட்டது. 1967-ல் அது வியட்நாமில் இருந்தது. ஷயான் 1972-ல் கைவிடப்பட்டது.

அந்த முதல் ரகம் ஏ.எச்-1ஜி. மூக்கு வழவழப்பாக, எதுவும் துருத்தாமல் இருக்கும். கண்ணாடி வளைவாக இருக்கும். மூக்குக்கு அடியில் உள்ள உருண்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பல படங்களில் ஒரு பக்கம் ஒல்லியான குழாய்கள் கொத்தாகத் தெரியும், அது 7.62 மி.மீ. மினிகன், இன்னொரு பக்கம் குட்டையான தடித்த குழாய், அது 40 மி.மீ. கையெறிகுண்டு லாஞ்சர். வழவழப்பான மூக்கோடு இந்த ஜோடியும் தெரிந்தால் ஜி என்றே சொல்லிவிடலாம்.

மூக்கின் நுனியில் பெட்டி போல ஒரு குறிபார்க்கும் கண்ணும், குட்டி இறக்கையின் ஓரத்தில் ஏவுகணைக் குழாய்களும் இருந்தால் அது டோ ஏவுகணை சுமக்கும் ரகம். வியட்நாமுக்குப் பிறகு அமெரிக்கத் தரைப்படையின் கவலை ஐரோப்பாவில் நின்ற சோவியத் டாங்கிகள். டோ கம்பி வழியாக வழிநடத்தப்படும் ஏவுகணை, அது போய்ச் சேரும் வரை சுடுபவர் குறியை இலக்கின் மேலேயே வைத்திருக்க வேண்டும், அதுவரை ஹெலிகாப்டர் எதிரியின் பார்வையில் நின்றாக வேண்டும். அப்படி நிற்கும்போது வளைந்த கண்ணாடியில் வெயில் பட்டு மின்னினால் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் பின்னால் வந்த ஏ.எச்-1எஸ்-களில் தட்டையான கண்ணாடிப் பலகைகள் வந்தன. எனக்கு இந்தக் குடும்பத்திலேயே மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

சரி, இப்போது ரோட்டர் தண்டுக்குப் பின்னால் பாருங்கள். புகைபோக்கி ஒன்றா, இரண்டா? ஒன்று என்றால் தரைப்படை வழி வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு என்றால் அமெரிக்க மரைன் படையின் வழி. கடலுக்கு மேல் பறக்கும்போது ஒரு எஞ்சின் நின்றாலும் திரும்பி வர வேண்டும் என்று அவர்கள் இரட்டை எஞ்சின் கேட்டு வாங்கினார்கள். வளைந்த கண்ணாடி, இரட்டை எஞ்சின், மூக்கடியில் 3 குழாய் 20 மி.மீ. பீரங்கி என்றால் ஏ.எச்-1ஜே-யாக இருக்கலாம். அதே அமைப்போடு பாலைவன நிறம் பூசியிருந்தால் பெரும்பாலும் ஈரானுடையது: மன்னர் ஷா காலத்தில் 202 வாங்கினார்கள், ஈராக்கோடு நடந்த போரில் அவற்றை நிறையப் பறக்கவிட்டார்கள். இரட்டை எஞ்சினோடு ஹெல்ஃபயர் ஏவுகணையும் தொங்கி, ரோட்டரில் இரண்டே இலை இருந்தால் அது 1986 முதல் சேவையில் இருந்த ஏ.எச்-1டபிள்யூ, மரைன் படை அதை 2020-ல்தான் ஓய்வு பெறச் செய்தது.

இலைகளை எண்ண மறக்காதீர்கள். நான்கு இருந்தால் ஏ.எச்-1இசட் வைப்பர், முதலில் பறந்தது 2000 டிசம்பரில். பழைய இரட்டை இலை ரோட்டர் ஊஞ்சல்பலகை மாதிரி ஆடும். ஹெலிகாப்டரைச் சட்டென்று கீழே தள்ளி எடை குறைந்த நிலைக்குக் கொண்டுபோனால், ரோட்டரின் நடுப்பகுதி தண்டில் இடித்துத் தண்டையே முறித்துவிடக்கூடிய ஆபத்து அதில் இருந்தது. நான்கு இலை ரோட்டரில் அந்த ஊஞ்சல் மூட்டே கிடையாது.

ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பழைய ஜி-களில் பலவற்றை டோ சுமக்கும்படி மாற்றினார்கள், அவற்றில் சில வளைந்த கண்ணாடியோடே ஏ.எச்-1எஸ் என்ற பெயரில் பறந்தன. போதாததற்கு 1980-களின் கடைசியில் எஸ் என்ற பெயரையே இ, எஃப், பி என்று பிரித்தார்கள். அதனால் கண்ணாடியை மட்டும் வைத்து முடிவு சொல்ல வேண்டாம், வரிசை எண் கிடைத்தால் அதையும் பாருங்கள். அமெரிக்கத் தரைப்படை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அதை வாங்கிய நிதியாண்டு. 67 என்று தொடங்கி, மூக்கில் டோ கண்ணும் இருந்தால், அது ஜி-யாகப் பிறந்து பிறகு மாற்றப்பட்ட கோப்ரா.