கருப்புக் கோட் ஏன் கத்தரிப்பூ நிறமானது?

தக்கலையில் ஒரு கல்யாணம். என் பழைய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியே பார்த்து ஃபோகஸ் செய்யும்) கேமராவில் மாப்பிள்ளையின் கருப்புக் கோட் கத்தரிப்பூ நிறத்தில் விழுந்தது. வொயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) மாற்றினேன், RAW கோப்பாக எடுத்தேன், வேறு லென்ஸ் போட்டேன். நான்கு நாள் வீண்.

விநோதம் என்னவென்றால், அதே படத்தில் வாசலில் நின்ற கருப்புக் கார் கருப்பாகவே இருந்தது. பாலியெஸ்டர் துணிதான் ஊதா! சந்தேகத்தில் டிவி ரிமோட்டைக் கேமராவைப் பார்த்து அழுத்தி ஒரு படம் எடுத்தேன். கண்ணுக்கு எரிவது தெரியாத அதன் பல்பு படத்தில் பளிச்சென்று எரிந்தது. அகச்சிவப்பு, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளி, உள்ளே வருகிறது; பாலியெஸ்டர் அதைத் திருப்பியனுப்புவதால்தான் ஊதா. இந்தக் கேமராவில் லென்ஸ், படம் பதியும் சென்சாரை நெருங்கி இருப்பதால் அதன்மேல் உள்ள அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியை மெல்லிசாக வைத்துவிட்டார்கள்.

லென்ஸ் முன்னால் 39 மி.மீ. யுவி-ஐஆர் கட் ஃபில்டர் (புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுப்பது) போட்டதும் கோட் கருப்பானது. சாதா யுவி ஃபில்டர் உதவாது. சரியான ஃபில்டரென்றால், சாய்த்துப் பார்த்தால் கண்ணாடியில் செம்மை மின்ன வேண்டும்.

அப்புறம் இந்த ஃபில்டரால் 28 மி.மீ. அகலக்கோண லென்ஸில் மூலைகள் பச்சைநீலமாயின. அதைக் கேமராவே சரிசெய்ய, மெனுவில் லென்ஸ் கண்டறிதலை யுவி-ஐஆரோடு ஆன் செய்தேன். எந்த லென்ஸ் என்று கேமராவுக்குச் சொல்லும் குறியீடு என் லென்ஸில் இல்லாததால், அது கேமராவில் பொருந்தும் மவுண்ட் வளையத்தில் மார்க்கரால் அந்தக் குறியீட்டுப் புள்ளிகளை வைத்தேன். கழற்றி மாட்டும்போது மை அழியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையின் ஆல்பம் கருப்பு வெள்ளையில் அச்சாகிவிட்டது.