டேப்லெட்டை லேப்டாப்பாக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீபோர்டு கவர், பேனா எல்லாம் சேர்த்தால் நல்ல டேப்லெட்டின் விலை ஒரு லேப்டாப்பின் விலையைத் தொட்டுவிடுகிறது. அவ்வளவு பணம் கொடுத்தவர், ‘இதில் விண்டோஸ் மாதிரி ஒரு ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) இருந்திருந்தால் முழு கம்ப்யூட்டர் ஆகியிருக்குமே’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் டேப்லெட் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுப் பாருங்கள். சேமித்த ஃபைலைக் காணவில்லை, திருத்தியது பழையபடியே இருக்கிறது, பென்டிரைவைச் செருகினால் எதுவும் வரவில்லை. இவற்றில் பெரும்பாலானவை ஃபைல் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தாலே தீர்ந்துவிடும். ஓஎஸ் மாறினால்தான் தீரும் என்ற வகைக் குறைகளும் உண்டு. அவை வேறு, கடைசியில் பார்க்கலாம்.

ஆப்பை நீக்கினால் ஃபைலும் போகும்

இருப்பதிலேயே பெரிய இழப்பைத் தருவது இதுதான். கம்ப்யூட்டரில் வேர்டை அன்இன்ஸ்டால் செய்தாலும் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள கடிதங்கள் அப்படியே இருக்கும். டேப்லெட்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அறை. அதில் வைத்த சாமான் எல்லாம் அந்த ஆப்பின் சொத்து.

ஐபேடில் ஃபைல்ஸ் ஆப்பைத் திறந்து ‘ஆன் மை ஐபேட்’ பகுதிக்குப் போனால் ஆப்களின் பெயரிலேயே ஃபோல்டர்கள் தெரியும். ஏதாவது ஓர் ஆப்பை நீக்கினால் அதன் ஃபோல்டரும் உள்ளே இருந்த அத்தனையும் சேர்ந்தே போய்விடும். ‘ரீசன்ட்லி டெலீட்டட்’ பகுதியில் தேடினாலும் கிடைக்காது. நீக்கும்போது ‘டேட்டாவும் நீக்கப்படும்’ என்று ஒரு வரி எச்சரிக்கை வருகிறது. ஆனால் அந்த டேட்டாதான் ஆறு மாதம் எழுதிய பாடக் குறிப்பு என்று யாருக்கும் உறைப்பதில்லை.

இடம் போதவில்லை என்றால் டெலீட் செய்யாமல் ஆஃப்லோட் செய்யுங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், ஐபேட் ஸ்டோரேஜ் என்று போய் ஆப்பைத் தொட்டால் ‘ஆஃப்லோட் ஆப்’ என்று இருக்கும். ஆப் மட்டும் போகும், அதன் ஆவணங்கள் தங்கிவிடும். அதே ஆப்பைத் திரும்ப இறக்கினால் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும். இதைவிட நல்ல வழி, முக்கியமான ஃபைல்களை எந்த ஆப்பின் ஃபோல்டரிலும் வைக்காமல் இருப்பது. ‘ஆன் மை ஐபேட்’ பகுதியின் காலியிடத்தில் விரலை அழுத்திப் பிடித்து ‘நியூ ஃபோல்டர்’ கொடுத்து, நீங்களே ஒரு ஃபோல்டர் உருவாக்கிக்கொள்ளுங்கள். அது எந்த ஆப்பையும் சார்ந்தது இல்லை.

ஆண்ட்ராய்டிலும் கதை இதுவே, அறையின் பெயர்தான் வேறு. டவுன்லோடு, டாக்குமெண்ட்ஸ் போன்ற பொது ஃபோல்டர்களில் இருப்பவை ஆப்பை நீக்கினாலும் தங்கும். ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் இருக்கும் டேட்டா ஃபோல்டரிலோ, ஆப்பின் உள் நினைவகத்திலோ இருப்பவை தங்காது. ஆண்ட்ராய்டு 11 முதல் அந்த டேட்டா ஃபோல்டரை சாதாரண ஃபைல் மேனேஜரால் திறந்து பார்க்கவும் முடிவதில்லை. கையெழுத்துக் குறிப்பு எடுக்கும் ஆப்கள் பலவும் இப்படி உள்ளேதான் எழுதுகின்றன. ஃபைல்களை இணையச் சேமிப்போடு தானாக ஒத்துவைக்கும் சிங்க்கை ஆன் செய்து வைக்க வேண்டும், அல்லது அவ்வப்போது பிடிஎஃப் ஆக வெளியே எடுத்துப் பொது ஃபோல்டரில் போட வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு: ஆப் மெதுவாக ஓடுகிறது என்று அதன் ஸ்டோரேஜ் பக்கத்துக்குப் போய் ‘க்ளியர் டேட்டா’வைத் தட்டுவது. பக்கத்திலேயே இருக்கும் ‘க்ளியர் கேஷ்’ ஆபத்தில்லாதது, தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்கும். க்ளியர் டேட்டா அந்த ஆப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்த நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

ஒரே ஃபைலுக்கு நான்கு பிரதிகள்

வாட்ஸ்அப்பில் ஒரு வேர்ட் ஃபைல் வருகிறது. தொட்டுத் திறக்கிறீர்கள், வேர்டில் திருத்துகிறீர்கள், திரும்ப வாட்ஸ்அப்புக்குப் போய் அதே ஃபைலை ஃபார்வர்டு செய்கிறீர்கள். போவது திருத்தாத பழைய ஃபைல். காரணம், வாட்ஸ்அப் தன் அறையில் இருக்கும் ஃபைலின் ஒரு நகலைத்தான் வேர்டிடம் கொடுத்தது. திருத்தம் நகலில் இருக்கிறது, மூலம் அப்படியே இருக்கிறது. மெயில் இணைப்புகளிலும் இதுவே நடக்கும். கொட்டேஷனில் தொகையை மாற்றிவிட்டு, பழைய தொகை உள்ளதையே அனுப்பிவிடும் விபத்து இப்படித்தான் நேர்கிறது.

வரிசையை மாற்றினால் போதும். ஃபைலைத் திறப்பதற்கு முன் ஷேர் பொத்தானைத் தட்டி, ஐபேடில் ‘சேவ் டு ஃபைல்ஸ்’ கொடுங்கள். ஆண்ட்ராய்டில் பொது ஃபோல்டர் ஒன்றில் சேமியுங்கள். பிறகு வேர்டைத் திறந்து, அதற்குள்ளிருந்தே அந்த ஃபோல்டருக்குப் போய் ஃபைலைத் திறங்கள். இப்போது திருத்துவது மூலத்தைத்தான். அனுப்பும்போதும் வாட்ஸ்அப்பின் இணைப்பு அடையாளத்தைத் தொட்டு, அதே ஃபோல்டரிலிருந்து எடுத்து அனுப்புங்கள். பெயரின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போட்டால் எது கடைசி என்று பட்டியலே சொல்லிவிடும்.

சிங்க்கைப் பேக்கப் என்று நம்புவது

ஐக்ளவுட் டிரைவ், கூகுள் டிரைவ் இரண்டும் எல்லாக் கருவிகளையும் ஒரே நிலையில் வைத்திருப்பதற்கானவை. டேப்லெட்டில் இடம் பண்ணுவதற்காக அங்கே ஒரு ஃபைலை நீக்கினால் போனிலும் கம்ப்யூட்டரிலும் சேர்ந்தே நீங்கும். இரண்டிலும் நீக்கியவை 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். டேப்லெட்டில் மட்டும் இடம் வேண்டுமென்றால், ஐபேடில் ஃபைலை அழுத்திப் பிடித்து ‘ரிமூவ் டவுன்லோடு’ கொடுங்கள். மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில் இருக்கும் பிரதி அப்படியே இருக்கும். ஐக்ளவுடில் இலவசம் 5 ஜிபி, கூகுளில் 15 ஜிபி. இடம் நிறைந்ததும் சிங்க் நின்றுவிடும், அதைப் பலர் கவனிப்பதே இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. பட்டியலில் பெயர் தெரிகிறது என்பதால் ஃபைல் டேப்லெட்டில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மேகத்தோடு கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் பெயர் மட்டும்தான் இங்கே இருக்கிறது. வகுப்பறையில் நெட் இல்லாத நேரத்தில் பாடத்தைத் திறக்க முடியாமல் நிற்பது இதனால்தான். முதல் நாளே, ஐபேட் ஓஎஸ் 18-இல் வந்த ‘கீப் டவுன்லோடட்’ கொடுத்து வையுங்கள். கூகுள் டிரைவில் ‘அவைலபிள் ஆஃப்லைன்’.

பென்டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும்

2010-இல் வந்த ஐபேடுக்கு ஃபைல்ஸ் ஆப்பே 2017-இல்தான் கிடைத்தது. பென்டிரைவைப் படிக்கும் வசதி 2019-இல். இன்று செருகினால் வேலை செய்யும், சில நிபந்தனைகளோடு.

முதலாவது, டிரைவின் ஃபார்மேட். விண்டோஸ் கம்ப்யூட்டரில் பயன்படுத்திய ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் இருக்கும். ஐபேடால் அதில் எழுத முடியாது. ஃபேட் 32 எல்லா இடத்திலும் ஓடும், ஆனால் 4 ஜிபியைத் தாண்டிய ஒரே ஃபைலை ஏற்காது. கல்யாண வீடியோவை நகலெடுக்கும்போது பாதியில் நிற்பது இதனால். விண்டோஸ், ஐபேட், இன்றைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் மூன்றுக்கும் பொதுவாகச் சரிப்பட்டு வருவது எக்ஸ்ஃபேட். கம்ப்யூட்டரில் டிரைவை ரைட் கிளிக் செய்து ஃபார்மேட் கொடுக்கும்போது அதைத் தேர்ந்தெடுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அழியும், முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, டிரைவைப் பல பார்ட்டிஷனாகப் பிரித்து வைத்திருந்தால் ஐபேட் அதை ஏற்காது. ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். உள்ளே தகடு சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குத் தேவையான கரண்டை டேப்லெட் எப்போதும் கொடுப்பதில்லை. லேசாக ஓடத் தொடங்கிய சத்தம் கேட்கும், திரையில் எதுவும் வராது. லைட்னிங் போர்ட் உள்ள பழைய ஐபேட் என்றால் சார்ஜரையும் சேர்த்துச் செருகக்கூடிய யூஎஸ்பி 3 கேமரா அடாப்டர் வேண்டும். டைப் சி போர்ட் என்றால் சார்ஜரோடு இணையும் ஹப். சுழலும் தகடு இல்லாத எஸ்எஸ்டி வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

மூன்றாவது, வேகம். டைப் சி போர்ட் எல்லாம் ஒன்றல்ல. 2022-இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் இருப்பது யூஎஸ்பி 2 வேகம், நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் 30 முதல் 40 மெகாபைட். 64 ஜிபியை நகலெடுக்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். ஐபேட் ப்ரோவில் போர்ட் பல மடங்கு வேகம், ஆனால் பெட்டியோடு வரும் சார்ஜிங் கேபிளைப் போட்டால் அதே யூஎஸ்பி 2 வேகம்தான். எஸ்எஸ்டியோடு வந்த கேபிளைப் பயன்படுத்துங்கள். நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைல்ஸ் ஆப்பை முன்னால் வைத்து, திரை அணையாமல் ஆட்டோ லாக்கை நீட்டிவிடுங்கள்.

கழற்றும் நேரம் இன்னொரு ஆபத்து. ஆண்ட்ராய்டில் நோட்டிஃபிகேஷனில் வரும் எஜெக்ட் அல்லது அன்மவுண்ட்டைத் தட்டிய பிறகே உருவ வேண்டும். ஐபேடில் அப்படி ஒரு பொத்தானைத் தேட வேண்டாம். முன்னேற்ற வட்டம் முடிந்து, நகலெடுத்ததில் ஒன்றிரண்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

பழைய தமிழ் எழுத்துரு ஃபைல்கள்

பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த ஃபைலை டேப்லெட்டில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை, அந்த எழுத்துரு அங்கே இல்லை, அவ்வளவுதான். படிக்க மட்டும் வேண்டுமென்றால் எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவாருங்கள். திருத்த வேண்டுமென்றால் என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றிய பிறகே டேப்லெட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

விண்டோஸ் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை

இதை மைக்ரோசாஃப்ட்டே செய்து பார்த்திருக்கிறது. 2012-இல் வந்த சர்ஃபேஸ் ஆர்டியில் விண்டோஸ் டெஸ்க்டாப் அப்படியே தெரிந்தது. ஆனால் வழக்கமான விண்டோஸ் மென்பொருள்களை அதில் இன்ஸ்டால் செய்ய முடியாது. டெஸ்க்டாப்பின் தோற்றத்தை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தச் சரக்குக்காக நிறுவனம் 90 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதியது. மெனுவும் ஜன்னலும் இருப்பதால் ஒரு கருவி கம்ப்யூட்டர் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

இன்றைய விண்டோஸ் டேப்லெட்டுகள் அதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். 64 ஜிபி சேமிப்பும் 4 ஜிபி ரேமும் விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவை மட்டுமே. அந்த அளவில் வாங்கினால் சில அப்டேட்டுக்குள் இடம் போதாமல் தடுமாறும். 256 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். எஸ் மோடில் வந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப்கள் மட்டுமே ஓடும். இலவசமாக வெளியே வரலாம், ஆனால் திரும்ப எஸ் மோடுக்குப் போக முடியாது. ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் சிப் என்றால், பழைய மென்பொருள்கள் பெரும்பாலும் ஓடிவிடும், வெளிக் கருவிகளை இயக்கும் டிரைவர்கள் ஓடாது. டிரைவர் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். கடையில் உள்ள பழைய பிரிண்டர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவற்றின் தயாரிப்பாளர் அப்படி ஒன்றைத் தந்திருக்கிறாரா என்று பணம் கட்டும் முன் பாருங்கள்.

மறுபக்கம், டேப்லெட் ஓஎஸ்களும் டெஸ்க்டாப் பக்கம் நெருங்கிவிட்டன. டெஸ்க்டாப் போன்ற திரையைத் தரும் சாம்சங் டெக்ஸ் 2017 முதலே இருக்கிறது. 2025-இல் வந்த ஐபேட் ஓஎஸ் 26-இல் அளவு மாற்றக்கூடிய ஜன்னல்கள், மேலே மெனு பார், எந்த வகை ஃபைல் எந்த ஆப்பில் திறக்க வேண்டும் என்ற தேர்வு எல்லாம் வந்துவிட்டன. செட்டிங்ஸில் ‘மல்டிடாஸ்க்கிங் அண்ட் ஜெஸ்சர்ஸ்’ பகுதியில் ‘விண்டோட் ஆப்ஸ்’ தேர்ந்தெடுத்தால் போதும். மானிட்டரைத் தனித் திரையாகப் பயன்படுத்த மட்டும் ஆப்பிளின் எம் வரிசை சிப் வேண்டும். விலை குறைந்த ஐபேடில் டேப்லெட்டில் தெரிவதே மானிட்டரிலும் தெரியும்.

உங்கள் வேலையில் எது ஓடாது

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, டேப்லெட்டுக்கு டெஸ்க்டாப் ஓஎஸ் தேவையா என்பதைவிட, உங்கள் வேலையில் டெஸ்க்டாப் இல்லாமல் நடக்காத ஒரு காரியம் உண்டா என்பதே. எக்செலில் வேலைகளைத் தானாகச் செய்யும் மேக்ரோ ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடாது. 10.1 அங்குலத்துக்கு மேல் திரை இருந்தால் ஆஃபீஸ் ஆப்களில் திருத்துவதற்கே கட்டணச் சந்தா வேண்டும், இதையும் பட்ஜெட்டில் சேருங்கள். கணக்கு எழுதும் டேலி பிரைம் விண்டோஸ் மென்பொருள். ஜிஎஸ்டி தளத்தில் டோக்கனால் கையெழுத்திட எம்சைனர் என்ற மென்பொருள் கம்ப்யூட்டரில் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

இப்படி ஒன்று இரண்டு மட்டும் இருந்தால் டேப்லெட்டை ஒதுக்க வேண்டியதில்லை. அலுவலகக் கம்ப்யூட்டரில், அதைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை நிறுவி, ஆறு இலக்கமோ அதற்கு மேலோ உள்ள பின் எண் ஒன்றைக் கொடுங்கள். டேப்லெட்டில் அதே கூகுள் கணக்கில் நுழைந்தால் டேலி உங்கள் திரையில் வரும். விண்டோஸில் கூடவே வரும் ரிமோட் டெஸ்க்டாப் ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து இணைப்பை ஏற்காது, ப்ரோ பதிப்பு வேண்டும். குரோமுக்கு அந்தத் தடை இல்லை. கம்ப்யூட்டர் உறங்கிவிட்டால் இணைப்பு கிடைக்காது. பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை ‘நெவர்’ என்று மாற்றி, யூபிஎஸ்ஸில் போட்டு வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.