சேற்றுக் கழிமுகத்துக்கு ஏற்ற பழைய பாய்ப்படகை வாங்குவது எப்படி

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், பிளாக்வாட்டர், கோல்ன் போன்ற எசெக்ஸ் கழிமுகங்களில் சிறு பாய்ப்படகு ஓட்ட விரும்புபவர், படகின் நீளத்தையும் அறையின் வசதியையும் கேட்பதற்கு முன், அது நீருக்குள் எவ்வளவு இறங்கும் என்பதைக் கேட்க வேண்டும். ஓதம் மிகுந்த நாட்களில் இங்கே நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவதால், நண்பகலில் படகு மிதந்த ஓடை மாலையில் வெறும் சேறாகிவிடும். இந்தக் கரையில் சரக்கு ஏற்றித் திரிந்த தேம்ஸ் பார்ஜுகள் தட்டையான அடியும், இருபுறமும் இறக்கி ஏற்றும் பலகைகளும் கொண்டு கட்டப்பட்டது இதனால்தான். மால்டன் துறையில் அவற்றை இன்றும் பார்க்கலாம்.

சிறு படகுகளில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, படகு காற்றில் பக்கவாட்டில் நழுவாமலிருக்க, அதன் நடுவே ஓர் ஒடுங்கிய பெட்டி வழியாக இறக்கி ஏற்றக்கூடிய எஃகுத் தகடு. ஜான் வாட்கின்சன் வடிவமைத்த டிராஸ்கோம் லக்கர் இந்த வகையைச் சேர்ந்தது, ஏறத்தாழ 5.7 மீட்டர் நீளமுள்ள அந்தத் திறந்த படகு, தகட்டைத் தூக்கிவிட்டால் சுமார் 25 செ.மீ. நீரிலேயே மிதக்கும். ரோஜர் டோங்ரே வடிவமைத்த கார்னிஷ் ஷ்ரிம்பர் 19 படகில் படுத்துறங்கச் சிறு அறையும் உண்டு. ஆனால் அது ஒரு டன் அளவு எடையுள்ளது, அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீரும் தேவைப்படும். இரண்டாவது வழி இரட்டை ஏரா, அதாவது படகின் அடியில் இருபுறமும் அசையாமல் பொருத்திய இரண்டு கீல்கள். லெஷர் 17 போன்ற இவ்வகைப் படகுகள் நீர் வற்றியதும் சேற்றில் நிமிர்ந்தே நிற்கும், அடியில் பழுதாகக்கூடிய அசையும் பாகமும் இல்லை. எனினும் எதிர்க்காற்றில் மந்தமாகவே ஏறும், ஆழமற்ற ஓடைகளுக்குள் தகட்டுப் படகு போகும் தொலைவுக்குப் போகவும் முடியாது. ஆண்டு முழுவதும் சேற்றிலேயே கட்டி வைக்கப்போகிறவருக்கு இரட்டை ஏரா பொருந்தும். மற்ற எல்லோருக்கும் தகட்டுப் படகையே நான் பரிந்துரைப்பேன், தகட்டை முழுமையாகச் சோதித்துவிட்டு வாங்குவார்கள் என்றால்.

இந்தச் சோதனையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். விற்பவர் படகை டிரெய்லரில் ஏற்றிக் காட்டுவார். டிரெய்லரின் நடு உருளைகள் பெட்டியின் வாயை மறைத்திருக்கும். தகடு வெளியே வராது. பாய்களை விரித்துக் காட்டுவதில் அரைமணி நேரம் கழியும். படகை ஒரு படகுத்துறையில் பட்டைகளால் தூக்கச் சொல்லி, தகட்டை முழுவதும் கீழே இறக்கிப் பார்க்காமல் விலை பேச வேண்டாம். தூக்குக் கூலியை நீங்களே தருவதாகச் சொன்னால் மறுப்பதற்கு நேர்மையான காரணம் எதுவும் இருக்காது. தகடு தன் எடையாலேயே இறங்க வேண்டும். அடித்தோ நெம்பியோ இறக்க வேண்டியிருந்தால், பெட்டிக்குள் கூழாங்கல் சிக்கியிருக்கலாம், தகடு வளைந்திருக்கலாம், அல்லது துத்தநாகப் பூச்சு கரைந்து துரு பருத்து இடைவெளியை அடைத்திருக்கலாம். கல்லை எடுத்துவிடலாம், பூச்சைப் புதிதாக இடச் செய்யலாம். வளைந்த தகடு எங்கோ பலமாகத் தரைதட்டியதற்குச் சான்று என்பதால் பெட்டியின் உட்புறத்தையும் சந்தேகிக்க வேண்டும். இறக்கிய தகட்டின் நுனியைப் பிடித்து இருபுறமும் அசைத்தால், அது திரும்பும் முளையின் தேய்மானம் தெரியும். தகட்டைத் தூக்கும் வடத்தின் கடைசிச் சில அங்குலங்கள் எப்போதும் நீருக்குள் இருப்பவை. அங்கே இழை பிரிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பிறகு படகின் உட்தரையைத் துணியால் ஒற்றிக் காயவைத்து, நீரில் இறக்கி அரைமணி நேரம் விட்டு, பெட்டியின் அடிப்பொருத்துகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே ஈரம் கசிந்தால், மேலே பூசிய பசையை நம்பி விலை கொடுக்கக் கூடாது.

சுக்கானையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். லக்கரின் சுக்கான் பின்தளத்திலுள்ள துளை வழியாக இறங்குவதால், நீர் குறையும்போது அதையும் கையால் மேலே இழுத்தாக வேண்டும். அது சுலபமாக ஏறுகிறதா என்பதை முழங்கால் அளவு நீரில் ஓட்டிப் பார்த்தே அறியலாம்.

பைபர் கிளாஸ் உடலை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தால், ஒலி மங்கும் இடத்தில் உள்ளே பிரிந்திருக்க வாய்ப்புண்டு. கற்கரையில் அடிக்கடி தரைதட்டிய படகின் அடிப்பூச்சு தேய்ந்து இழைகள் வெளியே தெரியும். இரட்டை ஏரா படகில், ஏராவும் உடலும் சேரும் மூலையில் முடிபோன்ற விரிசல்கள் உள்ளனவா என்று உள்ளும் புறமும் பார்க்க வேண்டும்.

பாய்களில் துணியைவிடத் தையல்தான் வெயிலில் முதலில் சாகும். நகத்தால் சுரண்டினால் நூல் அறுபடுகிறதா என்று பார்த்தால் போதும். மரத்தாலான பாய்மரத்தில் உலோகப் பொருத்துகளைச் சுற்றிக் கறுத்திருந்தால் நீர் உள்ளே போயிருக்கிறது. படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் குளிர்ந்த நிலையில் உங்கள் கண்முன் கிளம்ப வேண்டும், குளிர்விக்கும் நீர் சீராகப் பீறிட வேண்டும்; நீங்கள் வருவதற்கு முன்பே ஓடிச் சூடான எஞ்சின் எதையும் நிரூபிக்காது.

விற்பனைப் பத்திரத்தை எழுத்தில் பெறுவதுடன், முந்தைய உரிமையாளர்களின் பத்திரங்களையும் வாட் வரி செலுத்தியதற்கான சான்றையும் கேளுங்கள். பிரிட்டனின் சிறு கலப் பதிவேட்டில் படகின் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்றாகாது. 1998 ஜூன் 16-க்குப் பின் முதன்முறை விற்பனைக்கு வந்த படகானால் சிஇ குறி (ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்றது என்ற முத்திரை) இருக்க வேண்டும். பின்பலகையின் வலப்புறம் பதித்த அடையாள எண்ணைப் பத்திரத்திலுள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். படகு இப்போது கட்டி நிறுத்தப்பட்டிருக்கும் இடம் பெரும்பாலும் படகோடு சேர்ந்து வராது. காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கலாம் என்பதால் அந்த இடத்தை நிர்வகிப்பவரிடம் நேரடியாகக் கேட்பதே சரி. குளிர்காலத்தில் படகை நிறுத்திவைக்கும் கட்டணம் கழுத்தை நெருக்கும் இலையுதிர் காலத்தில் விற்பவர்கள் விலையில் இளகுவார்கள்.

டிரெய்லரை இலவச இணைப்பாக நினைக்க வேண்டாம்; நல்ல டிரெய்லர் விலையில் கணிசமான பங்கு. பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவையோ, இழுக்கும் காரின் எடையில் பாதியையோ, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்பது பிரிட்டன் சட்டம். படகையும் டிரெய்லரையும் ஒரு பொது எடை மேடையில் நிறுத்திப் பார்ப்பது இரட்டைப் பயன் தரும்: சட்டத்துக்குள் இருக்கிறோமா என்பது தெரியும், டிரெய்லரின் எடையைக் கழித்த பிறகும் படகின் அச்சிட்ட எடையைவிட மிக அதிகமாக வந்தால், மிதவை நுரை நீர் உறிஞ்சியிருக்கலாம் என்றும் தெரியும். சக்கரங்களைத் தூக்கிச் சுற்றி, பேரிங்குகள் கரகரக்கின்றனவா என்று கேளுங்கள். படகை இறக்க வரும்போது, நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய பேரிங்குகளை ஆறவிட்ட பிறகே உப்புநீருக்குள் விடுங்கள். சூடாக இறக்கினால் அவை உள்ளே குளிர்ந்து நீரை இழுத்துக்கொள்ளும்.