மதுரையை வெளியிலிருந்து உள்ளே நடந்து பாருங்கள்

வெளியூர்க்காரர்கள் ஆட்டோ பிடித்து நேரே கோபுர வாசலில் இறங்கிவிடுகிறார்கள். அப்புறம் திசை தெரியாமல் சுற்றிச் சுற்றி அதே செருப்புக் காப்பகத்துக்கு வந்து நிற்பார்கள். என் வீட்டு விருந்தாளிகளை நான் வெளி வீதியிலிருந்துதான் நடத்திக் கூட்டிப்போவேன்.

காலை ஏழு மணிக்குப் பெரியார் பேருந்து நிலையம் பக்கம் வந்துவிடுங்கள். அங்கே நிற்கும் கல் கொத்தளம் பழைய கோட்டையின் மிச்சம். மற்றதை 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து, அகழியையும் தூர்க்கவைத்தார். மதில் போன இடம்தான் வெளி வீதிகள். உள்ளே வரும் பெருமாள் மேஸ்திரி வீதி, தெற்கே உள்ள மாரட் வீதி இரண்டும் அந்த வேலையை முன்னின்று செய்தவர்களின் பெயரில் இருக்கின்றன.

பிறகு மாசி, ஆவணி மூலம், சித்திரை என்று சதுரத்துக்குள் சதுரம். மேல மாசி என்றால் கோயிலுக்கு மேற்கே, கீழ மாசி என்றால் கிழக்கே. இவ்வளவு தெரிந்தால் போனில் மேப் பார்க்க வேண்டாம். ஒரே குழப்பம், சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில்!

மேல மாசி வீதியில் 251ஏ எண் கட்டடத்தைப் பாருங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறியது இங்கேதான். சித்திரை வீதிகளைச் சீக்கிரம் சுற்றிவிடுங்கள். வெயில் ஏறினால் தரைக்கல் பாதத்தைப் பொசுக்கும்.

கிழக்கே இறங்கினால் விளக்குத்தூண். கோட்டையை இடித்த அதே பிளாக்பர்னின் நினைவாக ஊர் வைத்தது. அதற்குப் பக்கத்தில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பத்துத்தூண் சந்து. நாயக்கர் அரண்மனையின் தூண்கள் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நெட்டுக்குத்தாக நிற்கின்றன. சின்ன வயதில் அம்மா பாவாடைத் துணிக்கு விலை பேசி முடிக்கும்வரை அதில் ஒன்றில்தான் சாய்ந்து நிற்பேன். சில்லென்று இருக்கும். அது அரண்மனைத் தூண் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

கடை திறக்குமுன் போனால் அடி முதல் நுனி வரை பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் நைட்டிகளைத் தொங்கவிட்டு மறைத்துவிடுவார்கள். அண்ணாந்து பார்க்கும்போது சுவரோரம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து துணி மூட்டையோடு "ஓரம், ஓரம்" என்று ஒருவர் வந்துகொண்டிருப்பார்.